தொண்ணூறு நாள் டப்பா

எங்க அண்ணன் கையில இருக்கற சாப்பாட்டு டப்பாவுல சாப்பாடு இருந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுல ஒரு டப்பாவை விட்டு வைக்க மாட்டான். மூடி அழுத்தமா உக்காருதான்னு பார்ப்பான், வாளித் தண்ணியில முக்கிப் பார்ப்பான், அப்புறம் அடியில ஓட்டை போட்டுடுவான். அண்ணி கத்துவாங்க. "ஏங்க, நான் மத்தியானச் சாப்பாட்டை எதுல எடுத்துட்டுப் போறது, கையிலயா?" அண்ணன் பதில் சொல்றதுக்குள்ள நான் பூந்துடுவேன். "அண்ணி, உங்களுக்கும் ரெண்டு பேட்டரி குடுத்துடுவான். அதைக் கடிச்சுக்குங்க." அண்ணன் சிரிப்பான். ஓட்டை போடறதை மட்டும் நிறுத்த மாட்டான். தெருவுல அவனுக்குப் பேரே டப்பாக்காரர்தான்.

அவன் வேலை அப்படி. பறவைங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு சின்ன நிலையத்துல டெக்னீஷியன். அங்க இருக்கற டாக்டரம்மா காட்டுல மரம் மரமா ஒலிப்பதிவுக் கருவி கட்டி வைப்பாங்க. கருவின்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, ஒரு சோப்புக் கட்டி அளவுதான். ராத்திரி பகல்னு இல்லாம காதைத் தீட்டி வச்சுக் கேட்டுட்டே இருக்கும். மூணு சின்ன செல் போட்டா பத்து நாள் ஓடும். பத்து நாளைக்கு ஒரு தடவை மலை ஏறி செல் மாத்தணும். ஒரு வாரம் மழை பிடிச்சா ஏற முடியாது, போய்ப் பார்த்தா கருவி செத்துக் கிடக்கும். டாக்டரம்மா ஒரு தடவை அதுக்காக அழுதே இருக்காங்களாம். குருவி சத்தத்துக்கு ஒரு மனுஷி அழுவாளான்னு நான் கேட்டேன். அண்ணன் என்னை முறைச்சான்.

அதுக்குத்தான் அவன் டப்பா கட்டினான். பெரிய டார்ச்சுக்குப் போடற தடி செல் நாலு, வரிசையா. ஸ்பிரிங் வச்ச செல் கூடு அவனுக்கு ஆகவே ஆகாது. காத்துல மரம் ஆடினா ஸ்பிரிங் விலகும், மழையில துருப்பிடிக்கும். அதனால தகட்டுப் பட்டை வச்சு, ஈயம் உருக்கி சால்டர் பண்ணிடுவான். ஒயரை அடி ஓட்டை வழியா வெளிய எடுத்து, கருவிக்கு ஏத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொங்க விடுவான். ஒயர் வழியா ஓடி வர மழைத்தண்ணி அங்கயே சொட்டிடும், கருவிக்குள்ள போகாது. கருவிக்குள்ள இருக்கற சின்ன செல்லை மறக்காம கழட்டிடுவான், விட்டு வச்சா அது ஒழுகி போர்டை அரிச்சுடும். கருவியில ரெண்டு வால் ஒயர் விட்டிருப்பான். புது டப்பாவை ஒரு வால்ல மாட்டின அப்புறம்தான் பழைய டப்பாவை இன்னொரு வால்ல இருந்து கழட்டணும். கரண்ட் ஒரு நொடி போனாலும் உள்ள இருக்கற கடிகாரம் நேரத்தை மறந்துடுமாம். இப்படிக் கட்டினதுல, பத்து நாள் ஓடினது ஐம்பது நாள் ஓடுச்சு. அவன் மட்டும் நாப்பத்தஞ்சுன்னுதான் சொல்லுவான். மீதி அஞ்சு நாள் குளிருக்கும் மழைக்கும்னு ஒதுக்கி வச்சிருப்பான்.

நான் போன் சாமான் கடையில கவுன்ட்டர்ல நிக்கறவ. கவர், சார்ஜர், ஒயர், பவர் பேங்க். நாள் பூரா வாயை மூடாம பேசினாதான் என் பொழப்பு ஓடும். அண்ணன் ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா நான்தான் முடிச்சு வைப்பேன். ஒரு நாள் சொன்னேன், "ஏண்ணே, இந்தக் கனத்தைச் சுமந்துட்டு எதுக்கு மலை ஏறறே? எங்க கடையில பவர் பேங்க் இருக்கு. உள்ளங்கையில அடங்கிடும், உன் டப்பாவை விட ஜாஸ்தி ஓடும்."

"அது சரிப்படாது பாப்பா. அது என்ன பண்ணும்னா..."

"என்ன பண்ணும்? உன் டப்பாவை ஒழிச்சுக் கட்டிடும், அதானே?"

எனக்கு நாப்பது வயசு, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். சிரிச்சுட்டு விட்டுட்டான். அது என்ன பண்ணும்னு அன்னைக்கு நான் கேட்டுக்கலை. கேட்டிருந்தா இன்னைக்கு இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அண்ணன் வீடு மலையடிவாரத்துல. வீட்டுக்குப் பின்னாடி மேட்டுல கல் குவாரி. மதியம் பன்னெண்டுல இருந்து ரெண்டு மணிக்குள்ளதான் வெடி வைக்கணும், அதுக்கு முன்னாடி மூணு தடவை சங்கு ஊதணும்னு சட்டம். சட்டம் காகிதத்துல இருந்துச்சு. விடிகாலையில அவங்க இஷ்டத்துக்கு வைப்பாங்க. அண்ணி தையல் மிஷின் மேல இருக்கற பாட்டில் எல்லாம் குலுங்கும். "வச்சுட்டான் பாவி"ன்னு சொல்லிட்டு அவங்க வேலையைப் பார்ப்பாங்க.

ஒரு நாள் காலையில ஆறு இருபதுக்கு, சங்கு இல்லாம, ஒரு வெடி. தேங்காய் அளவு கல்லு ஒண்ணு கூரைத் தகட்டைப் பொத்துக்கிட்டு வந்துச்சு. அண்ணி அடுப்பு பத்த வைக்கக் குனிஞ்சிருந்தாங்க. அவ்வளவுதான். அண்ணன் முன் வாசல்ல பல் விளக்கிட்டு இருந்தான். நான் போய்ச் சேர்ந்தப்ப அந்தக் கல்லை மடியில வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருந்தான், அண்ணி பக்கத்துல. அதுக்கு மேல என்னால எழுத முடியலை.

குவாரிக்காரங்க அன்னைக்குக் காலையில வெடியே வைக்கலைன்னு சொல்லிட்டாங்க. அவங்க நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு. சுத்தி இருந்த நாலு வீட்டுல ரெண்டு வீடு குவாரியில வேலை செய்யறவங்க வீடு, அவங்க எப்படி வாயைத் திறப்பாங்க? விசாரணை அறிக்கை வந்துச்சு. அந்தக் கல்லு கூரை மேல பாரத்துக்கு வச்சதாம். "முறையாகப் பராமரிக்கப்படாத கூரை, மழையில் வலுவிழந்து சரிந்ததால் ஏற்பட்ட மரணம்." அந்தக் கூரையைப் போட்டவன் எங்க அண்ணன். ஒவ்வொரு தகட்டையும் அவன் கையால முடுக்கினது. அந்த வரியைச் சுத்தி வளைக்காம சொன்னா, பொண்டாட்டியைக் கொன்னது நீதான்னு அர்த்தம். அண்ணன் அதைப் படிச்சுட்டு மடிச்சு சட்டைப் பையில வச்சான். அப்புறம் தினமும் அதே சட்டை. துவைக்கக் குடுடான்னா குடுக்க மாட்டான்.

அந்த வரியை மாத்தணும். அவனுக்கு வேற எதுவும் வேணாம். நஷ்ட ஈடு, மண்ணாங்கட்டி எதுவும் வேணாம்.

அண்ணன் மனு போட்டதுல மறு விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தாரு. கெட்ட மனுஷன் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. "நேரம் தவறி வெடி வைக்கறாங்கன்னு நிரூபிங்க. அது நிரூபணமானா பழைய அறிக்கை நிக்காது. தொண்ணூறு நாள் ஒலிப்பதிவு குடுங்க. பாதியில, நாப்பத்தஞ்சாவது நாள், கருவியில இருக்கற பழைய மெமரி கார்டை என் ஆபீஸ்ல குடுத்து சீல் வச்சுடணும். அப்பதான் நீங்க வெட்டி ஒட்டினீங்கன்னு அவங்க வக்கீல் சொல்ல முடியாது"ன்னாரு. டாக்டரம்மா யோசிக்காம மூணு கருவியைத் தூக்கிக் குடுத்தாங்க. அண்ணன் மூணு டப்பா கட்டினான். அவ்வளவு சுத்தமா அவன் கட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சால்டரையும் கண்ணாடி வச்சுப் பார்த்தான். குவாரிக்கு மேல இருக்கற மூணு மரத்துல கட்டிட்டு வந்தான்.

முப்பத்தெட்டாவது நாள் நிலையத்துப் படிக்கட்டுல வழுக்கி விழுந்து கணுக்காலை உடைச்சுக்கிட்டான். விதி எங்க குடும்பத்துக்கு மட்டும் ஓவர்டைம் பார்க்கும் போல. மாவுக்கட்டோட எங்க வீட்டுல வந்து படுத்தான். நாப்பத்தஞ்சாவது நாள் யார் மலை ஏறறது? டாக்டரம்மா வேற காட்டுல இருந்தாங்க. "நான் போறேன்"னேன்.

அண்ணன் கட்டில்ல இருந்தே மூணு புது டப்பா கட்டிக் குடுத்தான். எப்படி மாத்தணும்னு நாலு தடவை சொன்னான், நாலு தடவையும் "தெரியும் தெரியும்"னேன். பன்னெண்டு தடி செல்லு. பையைத் தூக்கினதும் தோள் இறங்கிடுச்சு. அதுவும் இல்லாம எனக்கு ஒரு நினைப்பு. இந்த டப்பா நாப்பத்தஞ்சு நாள்தான் தாங்கும், மழை சேர்ந்து குளிர் அடிச்சா கடைசி ரெண்டு நாள்ல செத்துடுச்சுன்னா? என் கடையில இருக்கற பெரிய பவர் பேங்க் அறுபது எழுபது நாள் தாங்கும்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். சும்மா போடலை. டாக்டரம்மா காட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட இருந்த நாலாவது கருவியை, எதுக்குன்னு சொல்லாம வாங்கிட்டு வந்து, கடையில வச்சு மூணு நாள் சோதனை பண்ணியிருந்தேன். பேங்கை சுவர் பிளக்ல சார்ஜ் போட்டபடியே கருவியை அதுல மாட்டி விட்டேன். மூணு நாளும் ஒரு நிமிஷம் விடாம பதிஞ்சிருந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. அண்ணன்கிட்ட சொல்லலை, சொன்னா வேணாம்பான். வேலை முடிஞ்சு தொண்ணூறாவது நாள் சொல்லி மூக்கை உடைக்கணும்னு வச்சுக்கிட்டேன்.

அண்ணன் கட்டின மூணு டப்பாவையும் என் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, மூணு பவர் பேங்கோட மலை ஏறினேன். மாத்தினேன். கார்டை மாத்தினேன். பச்சை விளக்கு மூணு தடவை மின்னுச்சு. மூணாவது மரத்துல பேங்க் எரியவே இல்லை. பட்டனை அமுக்கினேன், எரிஞ்சுது, கருவியும் மின்னுச்சு. சரின்னு இறங்கி வந்துட்டேன். பழைய கார்டு மூணையும் ஆபீஸ்ல குடுத்து சீல் வைக்கறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் வந்தேன். "எல்லாம் சரியா மாத்தினியா?"ன்னு அண்ணன் கேட்டான். "உன்னை விட நல்லாவே"ன்னேன்.

அந்த முதல் பாதியில ஒண்ணும் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். அண்ணி போனதுல இருந்து குவாரிக்காரங்க பொட்டிப் பாம்பா அடங்கி இருந்தாங்க. சங்கு ஊதி, மதியம் மட்டும்தான் வெடிச்சாங்க. "ரொம்ப நாள் அடங்கி இருக்க மாட்டாங்க பாப்பா. பெரிய ரோட்டு வேலைக்குக் கல்லு கேட்டிருக்காங்க"ன்னு அண்ணன் சொல்லிட்டே இருந்தான்.

அம்பத்திரண்டாவது நாள். காலையில டீ போட்டுட்டு இருந்தேன். எங்க வீடு குவாரியில இருந்து தள்ளி இருக்கு, ஆனாலும் ஜன்னல் கதவு கிடுகிடுன்னு ஆடுச்சு. சங்கு இல்லை. மணி ஆறு அஞ்சு. அண்ணன் கட்டில்ல எழுந்து உக்காந்துட்டான். நான் டீ டம்ளரோட ஓடினேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

"வச்சுட்டான்"னான் அண்ணன்.

"வசமா மாட்டினான்"னேன் நான்.

சிரிச்சோம். அண்ணி செத்ததுக்கு அப்புறம் அண்ணன் சிரிச்சது அன்னைக்குத்தான். காலண்டர்ல தேதிக்குக் கீழே நேரத்தை எழுதினான். தொண்ணூறாவது நாளுக்குள்ள மொத்தம் பதினாலு வெடி. ஒவ்வொண்ணுக்கும் நாங்க காத்துட்டு இருந்தோம். ஒரு வாரம் வெடிக்கலைன்னா எனக்கு ஏமாத்தமா இருக்கும். அந்த அடிவாரத்துல இன்னும் ஆளுங்க அடுப்பு பத்த வச்சுட்டுத்தான் இருந்தாங்க, அது எனக்கு ஞாபகமே வரலை. வெடிச்சா சந்தோஷப்பட்டேன். என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும்.

தொண்ணூறாவது நாள் அண்ணன் தானே ஏறுவேன்னு நின்னான். கம்பு ஊனிக்கிட்டு, டாக்டரம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல் மரத்துக்குப் போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடுச்சு. கருவிக்குப் பக்கத்துல டப்பா இல்லை, பிளாஸ்டிக் பையில சுத்தின பவர் பேங்க். அண்ணன் அதையே பார்த்தான். நான் காத்துட்டு இருந்த நேரம் வந்துடுச்சு இல்லையா, பேங்கை எடுத்து பட்டனை அமுக்கினேன். நாலு விளக்கும் எரிஞ்சுது.

"பாத்தியாண்ணே! நாப்பத்தஞ்சு நாள் ஓடியும் இன்னும் ஃபுல்லா இருக்கு! உன் டப்பாவால முடியுமா?"

டாக்டரம்மா முகம் வெளுத்துப் போச்சு. அண்ணன் கம்பைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா வேர் மேல உக்காந்துட்டான். எனக்கு இன்னும் புரியலை.

"இது போனுக்குன்னு செஞ்சது பாப்பா"ன்னான். "போன் நிறையக் குடிக்கும். நம்ம கருவி குடிக்கறது ஒரு சொட்டு. அவ்வளவு கம்மியா இழுத்தா, யாரும் மாட்டலைன்னு நினைச்சு இது தானா அணைஞ்சுடும். அரை நிமிஷத்துல."

"இல்லைண்ணே, நான் கடையில மூணு நாள் போட்டுப் பார்த்தேன்!"

"சார்ஜ்ல போட்டிருந்தியா?"

"ஆமா."

"சார்ஜ் ஏறும்போது அணையாது"ன்னான்.

திட்டவே இல்லை. ஒரு அறை விட்டிருந்தா நான் பொழைச்சிருப்பேன். மூணு மரத்துலயும் அதே கதை. கீழே வந்து கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டாங்க. மூணு கார்டுலயும் ஒவ்வொரு பதிவு, அரை நிமிஷம் கூட இல்லை. பதினாலு வெடியும் காலண்டர்ல மட்டும்தான் இருந்துச்சு. முதல் கார்டுல என் குரல். "ஏம்ப்பா கருவி, எங்க அண்ணன் கட்டின கனத்தைக் கழுதை கூடச் சுமக்காது. நான் உனக்கு நல்ல சாப்பாடா கொண்டாந்திருக்கேன், நல்லாச் சாப்பிட்டுட்டுக் கேளு." அப்புறம் நான் சிரிக்கற சத்தம். அதோட நின்னு போச்சு.

விசாரணை நடந்த அறையில ஒரு நீள மேசை, மேல ஒரு காத்தாடி, சுவரோரமா பெஞ்சு. எங்ககிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. குவாரி வக்கீல்கிட்ட இருந்துச்சு. நாங்களே சீல் வச்சுக் குடுத்த முதல் பாதி. "நாப்பத்தஞ்சு நாள், இருபத்திநாலு மணி நேரமும், மனுதாரரோட சொந்தக் கருவி. ஒரு வெடி கூட நேரம் தவறலை. சங்கு கூடத் தெளிவாக் கேக்குது. இதை விட எங்களுக்கு என்ன நற்சாட்சி வேணும்?"ன்னாரு. அண்ணன் கண்ணாடி வச்சுப் பார்த்துப் பார்த்து சால்டர் பண்ணினது எல்லாம் அவங்களுக்கு ஆச்சு. டாக்டரம்மா எழுந்து, ரெண்டாவது பாதி ஏன் பதியலைன்னு விளக்கினாங்க. வக்கீல் அந்த அரை நிமிஷப் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னாரு. போட்டாங்க. கழுதை கூடச் சுமக்காதுன்னு நான் சொன்னதும் பெஞ்சுல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அதிகாரிக்கே உதடு கொஞ்சம் கோணிச்சு, அடக்கிக்கிட்டாரு.

"இது யார் குரல்? யார் இந்த பேட்டரியை மாத்தச் சொன்னது?"ன்னு அதிகாரி கேட்டாரு.

நான் எழுந்திருக்கப் போனேன். அண்ணன் மேசைக்கு அடியில என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சான்.

"என் தங்கச்சி சார். மாத்தச் சொன்னது நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என் கணக்குத் தப்பாப் போச்சு."

அவன் வாழ்க்கையில சொன்ன ஒரே பொய்யா இருக்கும் அது. அதிகாரி எழுதிக்கிட்டாரு. பழைய வரி அப்படியே நின்னுச்சு. அதுக்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்துச்சு. "மனுதாரர் தாம் பொறுப்பேற்ற கருவிகளையும் முறையாகப் பராமரிக்கவில்லை." கூரையும் அவன் தப்பு, பேட்டரியும் அவன் தப்பு. இருபது வருஷமா ஒரு செல்லைக் கூட ஒழுக விடாத மனுஷன் அவன்.

இப்பவும் அவன் நிலையத்துக்குப் போறான், டப்பா கட்டறான். காலையில வெடிச்சா தலையைத் தூக்கறது இல்லை. என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பிட்டியா பாப்பான்னு கேக்கறான், சாப்பிட்டேன்னு சொல்றேன்.

அண்ணன் கையைப் பிடிச்சுட்டான், அதனாலதான் என்னால பேச முடியலைன்னு இத்தனை நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். பிடிச்சது உண்மைதான். ஆனா கையெழுத்துப் போடறதுக்கு அவன் கையை எடுத்தான். அப்ப அந்த அதிகாரி பேனாவை மூடி வச்சுட்டு, நேரா என்னைப் பார்த்துக் கேட்டாரு, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" பெஞ்சுல சிரிச்சவங்க எல்லாம் என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. "இல்லை சார்"னு சொன்னேன்.